ஒரு லட்சத்து இருபதுக்குள்

ஸ்ரான்லி வீதி வெயில்
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு
என்னோடு கடைக்குள் வந்தது.
கைப்பையில் ஒரு லட்சத்து இருபதாயிரம்,
அதோடு ஒரு தையல் அளவுநாடா.

றெக்சன் மூன்றையும் மேசையில் பரப்பினான்.
கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதென்றால் சுகம்,
பொட்டலம் மூடியிருக்கும், பழியைச் சாமி ஏற்கும்.
இஞ்சை எல்லாம் திறந்துதான் கிடக்கு.

முதலாவது பச்சைக் கம்பனி.
புதுசு. எட்டு ஜிபி. மூன்று வருட வாரண்டி.
ஒரு லட்சத்துப் பதினெட்டு.
"கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ அக்கா."
கண்ணை மூடினால் இந்தக் காசு வந்திராது, தம்பி.
வெளிநாட்டுக்காரர் கட்டப்போகிற ஏழு வீடுகளை
கட்டுமுன்னமே கட்டிக் காட்டி,
ஜன்னலால் பொய் வெயில் விழுத்திச் சேர்த்தது.

அடுத்தது சிவப்பு.
பன்னிரண்டு ஜிபி, ஒரு லட்சத்து நாலு.
விளையாடுகிற பெடியளுக்கு இதுதான் ராசா.
என்னுடைய மென்பொருளோ
பச்சையோடுதான் முகங்கொடுத்துக் கதைக்கும்,
சிவப்பைக் கண்டால்
காணி வழக்கில் பிரிந்த சகோதரம்.

மூன்றாவதுக்குப் பெட்டி இல்லை.
குமிழிப் பொலித்தீன் சுற்றின பச்சை,
பன்னிரண்டு ஜிபி, பாவித்தது,
எழுபத்திரண்டு.
"ஆர் பாவிச்சது?"
"கொழும்பிலை ஒரு பெடியன். கேம் மட்டும்தான்."
பாவித்த கார்டெல்லாம் அந்த ஒரு பெடியனிடமிருந்துதான் வருகிறது.
ஞாயிறுகளில் மட்டும் விளையாடுகிறவன்,
ஏசி அறையில் இருக்கிறவன்,
அவசரமாய் லண்டன் போகிறவன்.

திருப்பிப் பார்த்தேன்.
திருகாணித் தலைகளில் கீறல்.
பின்தகட்டு ஓரம், மெமரி இருக்கிற பக்கம்,
தோசைக்கல் விளிம்பில் போல
எண்ணெய் கசிந்து காய்ந்திருந்தது.
"றெக்சன், இது விளையாடின கார்டில்லை.
ராத்திரி பகலாய்க் கொயின் தோண்டின கார்ட்."

அவன் மின்விசிறியை ஒரு நம்பர் கூட்டினான்.
"பாட் மாத்தினா ஓடும் அக்கா.
அஞ்சு குறைக்கிறன்."

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை பிரேம்,
நானூற்றைம்பது வாற்றில் எனக்கு மிச்சம் எவ்வளவு,
சித்திரையில் என் அறை முப்பத்தைந்து பாகை,
புதுசு குறைவாய்க் குடிக்கும், பழசு மடமடவென்று குடிக்கும்.
மின்சார சபையும் இந்தப் பேரத்தில் ஒரு பங்காளி,
அதை எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை.
எப்படிக் கூட்டினாலும்
புதுசுதான் ஒரு முடி முந்தி நின்றது.

பிறகு நாடாவை விரித்தேன்.
என் கேசிங்கின் உள்நீளம் இருபத்தாறரை.
மூன்று விசிறிப் புதுசு, முப்பது.
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்
மூன்றரைச் சென்ரிமீற்றரில் தோற்றது.

பழசு இருபத்து நாலு.
ஒரு மாதம் பார்த்துத் தாறதென்று
பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஸ்கூட்டியின் சீற்றுக்குக் கீழே வைத்தேன்,
மீன் வாங்கி வருகிற மாதிரி.

பாட் மாற்றி, பேஸ்ற் பூசி, ராத்திரி எட்டுக்கு
நவநீதராசாவின் கொக்குவில் வீட்டை ஓடவிட்டேன்.
நாற்பது நிமிடம் எடுக்கிற படம்
ஒன்பதில் வந்து நின்றது.
மிஞ்சின முப்பத்தொன்றையும் எனக்கென்று வைத்திருந்தேன்:
தலைமுடி காயவிட, பிளேன்ரீ ஊற்ற,
ஒன்றும் செய்யாமல் இருக்க.

ஸ்காபரோவிலிருந்து அழைப்பு.
"அட, உவ்வளவு கெதியா வந்திட்டுதே?
அப்ப ரைல்ஸை ஒருக்காச் சாம்பல் நிறத்திலை காட்டும் பிள்ளை."
ஒன்பது நிமிடம்.
"பழைய நிறம்தான் வடிவு. ஆனா கொஞ்சம் வெளிறலா."
ஒன்பது நிமிடம்.
"கிணத்தை எடுத்திட்டு நீச்சல்குளம் வைச்சா?"
பதினொன்று. தண்ணீருக்குக் கூட எடுக்கும்.

இரண்டு மணிக்கும் விசிறி இரைந்துகொண்டிருந்தது.
பாவம் கார்ட்.
கொழும்பில் செய்த அதே வேலை,
ராத்திரி முழுக்க ஆரோ ஒருத்தரின் காசைத் தோண்டுது.

விடியமுன் விலைப்பட்டியலைத் திறந்து
கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:
நிறம் மாற்ற, தடவைக்கு ஆயிரத்து ஐநூறு.